பன்னிரண்டு அமானிதங்கள்

பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளை விரும்பிப் பேணுவோருக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. பொத்தான் தேய்ந்தால் மாற்றலாம். திரை மங்கினாலும் வழியுண்டு. கேட்ரிட்ஜின் உள்ளே நாணயம் போன்றதொரு மின்கலம் இருக்கிறதே, அது ஓய்ந்தால் அதுவரை சேமித்த ஆட்டம் முழுவதும் அழிந்துவிடும்.

1999-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கோல்டு, சில்வர் ஆட்டங்களில் இருப்பது சிஆர் 2025 எனும் 3 வோல்ட் மின்கலம். சேமிப்பைக் காப்பதோடு உள்ளே ஓடும் கடிகாரத்தையும் அதுவே இயக்குவதால், முந்தைய ரெட், ப்ளூ ஆட்டங்களைவிட இதில் விரைவாகத் தீர்கிறது. துபையில் பணிபுரிந்த எம் தம்பி பல்லாண்டுகளுக்கு முன் வாங்கி வந்தவற்றில் கோல்டு எம் மகனிடமும் சில்வர் மகளிடமும் உள்ளன. மகளுடையதில் முன்பே மின்கலம் மாற்றியாயிற்று. மகனுடையதில் இருந்ததோ ஆலையில் பொருத்திய பழையது.

மத்ரஸா ஆசிரியர் இதையெல்லாம் எழுதுவதா என்று சிலர் எண்ணக்கூடும். 2001-இல் சவூதி மார்க்க அறிஞர்கள் போக்கிமானைத் தடைசெய்ததை நாமும் அறிவோம். சூதாட்டச் சாயல் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. இவ்வாட்டத்திலும் ஒரு நகரில் சூதாட்டக் கூடம் உண்டு. அதனுள் நுழையாமலேயே ஆடி முடிக்கலாம் என்பதை நாமே ஆடிப் பார்த்த பின்னர்தான் பிள்ளைகளிடம் கொடுத்தோம்.

இவ்வாட்டத்தைப் படைத்த சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தவர். இரு கேம் பாய்களை இணைக்கும் கம்பியின் வழியே உயிரிகள் கைமாறுவதே அவருடைய எண்ணத்தின் கரு. அந்தக் கம்பியே எமக்கும் கைகொடுத்தது. மின்கலத்தை அகற்றுமுன், மகனின் உயிரிகளுள் பன்னிரண்டை மகளின் சில்வருக்கு மாற்றுவது; பின்னர் திரும்பப் பெறுவது. பண்டமாற்று ஒன்றுக்கு ஒன்றாகத்தான் நடக்கும் என்பதால், அழியப்போவதைத் தெரிந்தே அவள் பன்னிரண்டு எளிய உயிரிகளைக் கொடுத்தாள்.

"லாத்தா திருப்பித் தராவிட்டால்?" என்றான் மகன். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கமல்லவா நம்முடையது! பட்டியலை மகளையே எழுதச் சொன்னோம்.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. ஹான்டர் என்னும் உயிரி கைமாறினால் மட்டுமே ஜென்கராக வளரும். அவளிடம் சென்றதும் வளர்ந்துவிட்டது. "பட்டியலில் ஹான்டர் என்றுதானே இருக்கிறது, வாப்பா? ஜென்கர் என் கையில் வளர்ந்தது" என்றாள். வழக்கறிஞர் தோற்றார்! அமானிதப் பொருளில் ஏற்படும் வளர்ச்சியும் உரியவருக்கே சொந்தம் என்று ஃபிக்ஹு பாடத்தில் நாம் நடத்துவதை அவளும் கேட்டிருக்கிறாள். ஆயினும் நாம் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதிருந்தாள்.

இதற்கிடையில் பழுதுபார்ப்பவர் பழைய மின்கலத்தை எடுத்துப் புதியதைப் பற்றவைத்துத் தந்தார். மகன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, மாற்றிக்கொள்வதற்காக ரட்டாட்டாவும் ஹூட்ஹூட்டுமாகப் பன்னிரண்டைப் பிடித்தான். மூன்றாம் நாள் மக்ரிபுக்குப் பின் மகள் தானாகவே கம்பியை எடுத்து வந்தாள். முதலில் அனுப்பியது ஜென்கரைத்தான்.

பன்னிரண்டும் திரும்பின, ஆனால் சொல் கேட்கவில்லை. புதிய ஆட்டம் அவனுக்குப் புதிய எண்ணை வழங்கிவிட்டதால், அவன் வளர்த்த முதலைக்கே அவன் அந்நியனாகிவிட்டான். பதக்கங்களை வென்றால்தான் அது பணியும். நாள்தோறும் அஸருக்குப் பின் அரைமணி நேரம் அதற்காக முயல்கிறான். நான்கு பதக்கங்கள் கிடைத்துவிட்டன. முதலை இன்னும் சண்டையின் நடுவே உறங்குகிறது.