பட்டையும் பச்சையும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறும் வண்டி போனக்காட்டோடு நின்றுவிடும். பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டினால் வனத்துறைச் சாவடி. அனுமதிச் சீட்டைப் பார்த்து, பையைக் குடைந்து பிளாஸ்டிக்கைத் துழாவிய பிறகுதான் அகத்தியர்கூடத்துக்கு வழி விடுவார்கள். மகரவிளக்கு முடிந்து சிவராத்திரி வரைக்கும் சில வாரங்கள்தான் பருவம். பெண்களுக்கு இந்தப் பாதை திறந்தது 2019 ஜனவரியில், அதுவும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு.

உச்சி 1868 மீட்டர். தமிழர்களுக்கு இது பொதிகை. கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது, மேற்கில் நெய்யாறும் கரமனையாறும். 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன், பூமியின் காந்தத்தை அளக்க இந்த உச்சியில் ஓர் ஆய்வகமே அமைத்தார். கருவிகள் தாமாக நடந்து மலையேறியிருக்காது. வழி தெரிந்தவர்கள் முன்னால் போகாமல் இங்கே யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

அந்த வழி தெரிந்தவர்கள் இந்த மலையின் பழங்குடியான காணிகள். 1987-இல் தாவரவியல் ஆய்வாளர்கள் குழு ஒன்று அவர்களோடு இந்தக் காட்டில் அலைந்தது. வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சின்னக் காயை மென்றபடி சலிக்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டால் பதில் இல்லை. வற்புறுத்தலுக்குப் பிறகுதான் செடியைக் காட்டினார்கள்: ஆரோக்கியப் பச்சை. ஓடைக்கரை நிழலில் தரையோடு ஒட்டி வளரும். இதய வடிவ இலை, கருஞ்சிவப்புச் சிறு பூ. குனிந்து பார்க்காவிட்டால் மிதித்துக்கொண்டு போய்விடலாம்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் அதை ஆராய்ந்தார்கள். அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் தரப்பட்டது. விற்பனையில் 2 சதவீதம் தனி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்பது ஏற்பாடு. பணத்தை வாங்க 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலக மாநாடுகளில் இந்தக் கதை புகழப்பட்டது.

மலைக்குள் கதை வேறு மாதிரி. அறக்கட்டளையில் குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகள் முன்னே நின்றார்கள். விதுரா, பெரிங்ஙமலைப் பக்கத்தவருக்கு மனத்தாங்கல். அறிவு ஊர்ப் பொதுவாக இருந்தவரை எழாத 'யாருடையது' என்ற கேள்வி, பங்கு என்று வந்ததும் எழுந்தது. காய் தின்றவர்கள் காணிகள். மருந்துக்கு வேண்டியதோ இலை. இலை பறிக்கவும் பயிரிடவும் வனத்துறையின் இசைவு வேண்டும். காப்புக்காட்டில் அது எளிதில் கிடைக்கவில்லை. திருட்டுத்தனமாகச் செடியைப் பிடுங்கியவர்கள் மட்டும் யாரையும் கேட்கவில்லை.

காட்டிலிருந்து எடுப்பதில் போர்ச்சுகலின் தக்கை ஓக் காடுகளில் கணக்கு வேறு. அங்கும் அனுமதியின்றி மரத்தை வெட்டினால் குற்றம். ஆனால் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையைக் கோடாரியால் பதமாக உரித்து எடுக்கலாம். மரம் சாகாது, பட்டை மறுபடி வளரும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்திலேயே பெயிண்டில் எழுதிவைப்பார்கள். தக்கைக்கு விலை இருப்பதால்தான் அந்தக் காடுகளில் பெரும்பகுதி நிற்கிறது. அகத்தியர்கூடத்தில் அதே ஏற்பாடு சரிப்படும் என்று சொல்லிவிட முடியாது. பட்டை உரிப்பதும் செடி பறிப்பதும் ஒன்றில்லை. ஆனாலும், எவ்வளவு பறித்தால் செடி பிழைக்கும் என்பதைக் காணிகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நின்றிருக்காது.

யானைக்கு அகழி வெட்டிய அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் பொங்காலைப் பாறை தாண்டி, கயிற்றைப் பிடித்து உச்சி ஏறி இறங்குகிறார்கள் பயணிகள். கூடவே வரும் காணி வழிகாட்டிக்குக் கூலி உண்டு. பருவம் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும்.