வில்லாபுரத்துக் கவுன்சிலர்

லீலாவதி என்ற பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். ரத்தம் அதற்குப் பிறகுதான்.

1997 சித்திரை. அழகர் மலையிறங்கி மதுரைக்கு வந்திருந்த நாட்கள். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் கூட்டம். அந்தத் திருவிழா நெரிசலுக்கு நடுவில், ஏப்ரல் 23ஆம் தேதி, வில்லாபுரத்தில் பட்டப்பகலில் ஒரு பெண் கவுன்சிலரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணி கேட்டதுக்கா வெட்டுனாய்ங்க?"

தண்ணீர் கேட்டதற்குத்தான்.

மதுரைக்குத் தெற்கே அன்று குடியிருந்தவர்களுக்கு இது புரியும். ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். குடம் மிச்சமில்லாத வீட்டார் ஒரு செங்கல்லையோ உடைந்த வாளியையோ வைத்து இடம் பிடிப்பார்கள். ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் அடையாளத்துக்குப் பெயின்ட்டில் ஓர் எழுத்து, இல்லையென்றால் ஒரு பொட்டு. "யக்கா, இன்னைக்காச்சும் வருமா?" என்ற கேள்வி வாசலுக்கு வாசல் போய்த் திரும்பும். தண்ணீர் லாரி தெருமுனையில் தலை காட்டியதும் வரிசை கலைந்துவிடும். ட்யூப்பை எட்டிப் பிடித்தவருக்குக் குடம் நிறையும். பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழவிகளும் ஓரமாக நிற்பார்கள். தண்ணீர்ப் பஞ்சம் எல்லோரையும் ஒன்றுபோல வாட்டுவதில்லை. அதில் சம்பாதிக்கிறவர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு மாநகராட்சிக் குழாய் வந்துவிட்டால் அவர்கள் பிழைப்பு போய்விடும். பிழைப்போடு தெருவின் மேல் இருந்த பிடியும் போய்விடும்.

அந்தப் பிடியில் கை வைத்தவர் லீலாவதி. கைத்தறி நெசவாளி.

மதுரையில் நெசவு என்றால் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரத் தெருக்கள்தான் நினைவுக்கு வரும். விடிவதற்கு முன்பே தெருவை அடைத்துப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் முணுமுணுக்காமல் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் குழித்தறி. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, ஒரு கையால் நாடாவை ஓட்டி, மறு கையால் பலகையை அடிக்க வேண்டும். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. நெய்த அளவுக்குத்தான் கூலி. குழாயடியில் ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய கூலியில் அது தெரியும். தண்ணீருக்காக நிற்கும் நேரத்தின் விலையைத் தறிக்காரரைவிட யார் அறிவார்? எந்த அரசியல் வகுப்பும் கற்றுத் தராத பாடம் அது.

தேர்தல் வந்த கதையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1986க்குப் பிறகு பத்தாண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1996 அக்டோபரில் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று ஆகியிருந்தது. பல வார்டுகளில் மனைவி பெயரில் கணவர்மார் ஓட்டுக் கேட்டார்கள். மாதர் சங்கத்தில் வேலை செய்து தெருவை அறிந்திருந்த லீலாவதியை மார்க்சிஸ்ட் கட்சி வில்லாபுரத்தில் நிறுத்தியது. ஜெயித்தார். ஜெயித்த பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். மாநகராட்சிக் குடிநீர் வில்லாபுரத்துக்கு வரும் என்ற நிலை உருவானது. அதைப் பொறுக்க முடியாதவர்களும் அதே தெருவில் இருந்தார்கள்.

ஐந்தாண்டுப் பதவி. அவருக்குக் கிடைத்தது அரையாண்டு.

கவுன்சிலர் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. எம்.எல்.ஏ.வைப் பார்க்க வண்டி பிடிக்க வேண்டும். கவுன்சிலரை மளிகைக்கடையில் பார்க்கலாம். சாக்கடை அடைத்தால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். அவரைத் தேடி வருகிற கத்திக்கும் அதே தூரம்தான்.

அம்மாவின் கேள்வி அடங்குவதற்குள் ஜூன் 30. அதே மதுரை மாவட்டம், மேலூர்ப் பக்கம். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பேருந்தில் போகும்போது கூட வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்தார் என்பதுதான் காரணம். அங்கே சாதி, இங்கே தண்ணீர். சட்டம் ஒரு நெசவாளிப் பெண்ணுக்கும் ஒரு தலித்துக்கும் இடம் போட்டுக் கொடுத்தது. உட்கார்ந்தவர்களைக் காப்பாற்ற ஒருவரும் வரவில்லை. இரண்டரை மாதத்துக்குள் இரண்டு பேர். லீலாவதியை நினைக்கும்போதெல்லாம் முருகேசனும் கூடவே வந்துவிடுகிறார்.

லீலாவதி வழக்கில் தண்டனை பெற்றவர்கள் அன்றைய ஆளுங்கட்சியோடு தொடர்புடைய உள்ளூர் ஆட்கள். ஆயுள் தண்டனை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை அரசு விடுவித்தபோது அவர்களும் வெளியே வந்தார்கள். 2019இல் மேலவளவு வழக்கில் 13 பேர் விடுதலையானார்கள். சிறையில் இருப்பவருக்கு மன்னிப்பு கூடாது என்பவன் அல்ல நான். ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவரை வெட்டியவர்களுக்குத் தலைவர் பிறந்தநாள் சலுகை கொடுத்தது அன்றும் எனக்கு ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

72 வார்டாக இருந்த மதுரை மாநகராட்சி 2011இல் 100 வார்டானது. பிறகு பெண்களுக்கான பங்கும் பாதியாக உயர்ந்தது. 2022 தேர்தலில் கட்சிகள் வேட்பாளர் பட்டியலை வெளியிட்டபோது நான் பெயருக்குப் பக்கத்தில் தொழிலைத்தான் தேடினேன். தறி ஓட்டுகிறவர், பீடி சுற்றுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் யாராவது நிற்கிறாரா என்று. அப்படி ஒரு பெண் நிற்பது தெரிந்தால் கட்சி எதுவென்று பார்க்க மாட்டேன். அவருடைய வார்டில் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன்.