ஏழு கன்னியர் மலையடியில்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக மலைநாடு செல்வோர், கித்துல்கலையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மேலேறுவதைக் காண்பர். களனி கங்கையின் ஓசை மெல்ல மெல்ல அடங்கும். றப்பர் மரங்கள் பின்தங்கத் தேயிலைச் செடிகள் முன்வரும். காற்றிலே குளிர் ஏறும். அந்த ஏற்றத்தின் தலைவாயிலாக அமைந்த சிற்றூரே கினிகத்தேனை. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் விரைவோர் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரமே இங்கு தங்குவது வழக்கம். அரைநாள் ஒதுக்கக் கூடியவர்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கமாகவும் ஒருமுறை சென்றுவருதல் நன்று.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஓடும் நாடு இது. இவ்விரண்டும் கூடியே களனி கங்கையாகின்றன. அபர்டீன் நீர்வீழ்ச்சி இப்பக்கத்தில்தான் ஆர்ப்பரித்து வீழ்கின்றது. நோட்டன் பிரிட்ஜில் அணை கட்டி, அந்நீரைக் கொண்டு 1950 முதல் லக்சபானவில் மின்சாரம் எடுக்கின்றார்கள். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் மோதிக் கொட்டுவதால், ஆண்டில் பல மாதங்கள் மலைமுடிகளை முகில் மூடியிருக்கும். முகில் விலகும் வேளையில், தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஏழு சிகரங்களைக் காணலாம். சிங்கள மக்கள் அதனைச் சப்த கன்னியா என்பர். நாம் ஏழு கன்னியர் மலை என்கிறோம்.

அழகிய அந்த மலைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் திகதி இரவு 10 மணி கடந்த வேளை. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகரையும் 9 பணியாளரையும் ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிச் சென்ற மார்ட்டினேர் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம், இடையே தங்கிச் செல்லக் கட்டுநாயக்காவில் இறங்க வந்தது. 2,000 அடி வரை இறங்கலாம் என்ற அனுமதியும் கிடைத்தது. விமானநிலையம் அண்மையில் உள்ளதென்றே விமானிகள் எண்ணினர். உண்மையிலோ அது ஏறக்குறைய 40 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. அவர்கள் முன் இருளில் நின்றது ஏழு கன்னியர் மலை. சுமார் 4,355 அடி உயரத்தில் விமானம் மலையில் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதுவே மிகப் பெரியது. நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னம் ஒன்றும் அவ்விமானத்தின் சக்கரம் ஒன்றும் இன்று அக்கதையைச் சொல்கின்றன.

மாணாக்கரை இங்கு அழைத்துவரும் ஆசிரியர் ஒரு கேள்விக்கு விடையோடு வருதல் வேண்டும். விமானத்தில் பறவை மோதியதோ என்று யாராவது ஒரு பிள்ளை கேட்காதிருப்பதில்லை. பள்ளத்தாக்கின் மேலே பருந்துகள் வட்டமிடுவதைக் கண்ட பிள்ளைக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. இங்கு மோதியது பறவை அன்று. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தேடினால் மலையின் கதையும் விளங்கும்.

கைப்பிடி அளவுள்ள பறவை ஒரு பெரும் விமானத்தை என்ன செய்துவிடும்? இங்கே பறவையின் எடையினும் விமானத்தின் வேகமே பெரிது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். முன்கண்ணாடி விரிசல் காணலாம். இயந்திரத்தின் சுழலும் தகடுகள் முறியலாம். இத்தகைய மோதல்களுள் மிகப் பெரும்பாலானவை தரையிலிருந்து 3,500 அடிக்குள்ளேயே நிகழ்கின்றன. 1973-இல் மேற்கு ஆபிரிக்காவில் 37,000 அடி உயரத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு மோதியது மிக அரிய விதிவிலக்கு. ஆகவே விமானிக்குச் சோதனை நேர்வது ஏறும்போதும் இறங்கும்போதுமே.

அப்போது அவர் என்ன செய்வார்? பறவைகள் விலகிச் செல்லும்பொருட்டு முன்விளக்குகளை எரியவிடுவார். எதிரே கூட்டத்தைக் கண்டால், இயன்றவரை மேலே ஏறப் பார்ப்பார். அஞ்சிய பறவை பெரும்பாலும் கீழ்நோக்கியே பாயும். ஓடுபாதையில் விரையும்போது மோதினால் முடிவு நொடிப்பொழுதில் பிறக்க வேண்டும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு வேக எல்லையை முன்னரே கணித்து வைத்திருப்பார்கள். அதற்கு முன்னாயின் நிறுத்தலாம். கடந்துவிட்டால், ஓர் இயந்திரம் பழுதாயினும் மற்றதன் வலிமையால் மேலெழுந்து, பின்னர் திரும்பி வந்து இறங்குதலே முறை. வேகமெடுத்த விமானத்தை நிறுத்துவது எளிதன்று என்பதை நம் அண்டை நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். 1986 செப்டம்பர் 29-இல் சென்னை மீனம்பாக்கத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புறப்படுகையில் பறவை மோதியது. விமானி நிறுத்த முயன்றார். விமானம் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டிச் சென்றது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அவ்விமானம் மீண்டும் பறக்கவில்லை. 2009 ஜனவரி 15-இல் நியூயோர்க்கில் வாத்துக்கூட்டம் மோதி இரு இயந்திரங்களும் வலுவிழந்தபோது, சலன்பேர்கர் என்ற விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்தார். அன்று அவருக்குக் கிடைத்த உயரம் 3,000 அடிக்கும் குறைவு. அவ்வளவு தாழ்விலிருந்து எந்த ஓடுபாதையையும் எட்டுவது அரிது என்று கண்டே அவர் ஆற்றைத் தேர்ந்தார்.

விமானியின் கைத்திறன் மட்டும் போதாது. தரையில் உள்ளோரின் முன்யோசனையும் வேண்டும். நம் நாட்டிலேயே 2013-இல் திறக்கப்பட்ட மத்தள விமானநிலையம், வலசைப் பறவைகளுக்குப் பேர்போன புந்தல ஈரநிலத்துக்கு அண்மையில் அமைந்தது. பறவைகளும் விலங்குகளும் அங்கு தொல்லையாயின. 2016-இல் படையினரும் பொலிஸாரும் நூற்றுக்கணக்கில் திரண்டு விலங்குகளை விரட்ட வேண்டியதாயிற்று. பறவையின் வீட்டில் பாதை போட்டுவிட்டுப் பறவையைக் குறைகூறுவது முறையாகுமா?

மலையைப் பற்றியும் இதையே சொல்லலாம். மலை வழியில் வந்து நிற்கவில்லை. அது என்றும் அங்கேயே இருந்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பி, தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, காப்பான உயரத்துக்குக் கீழே பறந்ததே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை கூறிற்று. உயரம் உள்ளவரை விமானிக்குக் காலம் உண்டு. உயரம் குன்றினால் காலமும் குன்றும். பறவையும் மலையும் புகட்டும் பாடம் இதுவே. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்றே நாள் முன்பு, டிசம்பர் 1-ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் மற்றொரு விமானம் இவ்வாறே ஒரு குன்றில் மோதி 92 பேர் மாண்டனர். அதன் பின்னரே, நிலம் நெருங்குவதை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியை விமானங்களில் கட்டாயமாகப் பொருத்தும் விதியை அமெரிக்கா கொணர்ந்தது; ஏனைய நாடுகளும் பின்பற்றின. இன்று மேகத்தினூடே அச்சமின்றி இறங்கும் ஒவ்வொரு பயணியும் மாண்டவர்களுக்குக் கடமைப்பட்டவரே.

நோட்டன் பிரிட்ஜுக்குச் செல்வோர் காலை வேளையிற் செல்க. பிற்பகலில் முகில் இறங்கிவிடும். இதே மலைத்தொடரில் சிவனொளிபாத மலையும் நிமிர்ந்து நிற்கின்றது. பல சமயத்தாரும் ஏறித் தொழும் அப்புனித மலையின் அயலிலே, மக்கா நோக்கிப் புறப்பட்ட யாத்திரிகர்கள் தம் பயணத்தை முடித்துக்கொண்டார்கள். எங்கோ பிறந்து நம் மலையில் உறங்கும் அவர்களுக்காக, எந்தச் சமயத்தவராயினும் ஒரு கணம் தலைதாழ்த்திவிட்டு வருதல் நம் பண்புக்கு அழகாகும்.