யார் பெரிய ஆட்டக்காரர்? - ஒரு டென்னிஸ் கணக்கு

பனவடலிசத்திரம் பக்கம் டென்னிஸ் பந்து என்றால் அது கிரிக்கெட் ஆடுவதற்கான பந்து! வலை கட்டி ஆடும் ஆட்டத்தைப் பெரும்பாலும் டிவியில்தான் பார்க்க முடியும். டீக்கடை பெஞ்சில் கபில்தேவா, டோனியா என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். டென்னிஸ் பக்கம் பேச்சு திரும்பினால் ஃபெடரரா, நடாலா, ஜோகோவிச்சா என்பதோடு சரி.

அந்தச் சண்டையில் இரண்டு கட்சி உண்டு. ஃபெடரர் 20, நடால் 22, ஜோகோவிச் 2023லேயே 24 கிராண்ட்ஸ்லாம்... எண்ணிப் பார், முடிந்தது கதை என்பது ஒரு கட்சி. பட்டம் மட்டும் போதுமா, அவர் ஆடியதைப் பார்த்தாயா என்பது இன்னொரு கட்சி.

தமிழ்நாட்டிலும் இதேபோல் ஒரு மூவர் இருந்தார்கள். ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன். மூவரில் ஒருவர்கூட கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. எண்ணிப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வழியே இல்லை! அதனால்தான் இந்த விவாதம் இன்னும் சுவாரஸ்யமானது.

முதலில் ஃபார்ம் பற்றிப் பார்ப்போம்.

ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில், 1937ல். 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர்தான். பிறகு 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதி. 1961 காலிறுதியில் அவரிடம் நேர் செட்களில் தோற்றவர் சாதாரண ஆள் இல்லை, ராய் எமர்சன்! அரையிறுதியில் கிருஷ்ணனை வென்றவர்கள் 1960ல் நீல் ஃப்ரேசர், 1961ல் ராட் லேவர். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1962ல் நான்காம் நிலை வீரராகக் களமிறங்கி, கணுக்கால் காயத்தால் பாதியில் விலகினார். அதற்குப் பின் எந்த இந்தியரும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியை எட்டவில்லை.

விஜய் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது அமெச்சூர் காலம், பணத்துக்கு ஆடிய தொழில்முறை வீரர்களுக்கு அப்போது விம்பிள்டனில் இடமே இல்லை, 1968க்குப் பிறகுதான் எல்லோரும் ஒரே களத்தில் ஆடினார்கள் என்பார்கள். நியாயமான வாதம்தான். விஜய் அந்தத் திறந்த களத்தில் ஆடியவர். 1973 அமெரிக்க ஓப்பனில் லேவரை வென்றார். 1974ல் அதே இடத்தில் போர்க்கை வென்றார். கம்ப்யூட்டர் தரவரிசையில் 1980ல் 18வது இடம் வரை போனார். ஆனால் 1981 விம்பிள்டன் காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை எடுத்துவிட்டு ஆட்டத்தையே கோட்டை விட்டதை மட்டும் அவர்கள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்!

ரமேஷ் இந்த விவாதத்தில் எப்போதும் மூன்றாவது ஆள். அப்பா ஜூனியர் விம்பிள்டன் வென்று சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979ல், மகனும் வென்றார். விம்பிள்டனில் ஒரு காலிறுதி, அமெரிக்க ஓப்பனில் இரண்டு காலிறுதி. தரவரிசையில் அதிகபட்சம் 23. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலக நம்பர் ஒன் விலாண்டரையே வீழ்த்தினார். பலத்தை நம்பி எல்லோரும் அடித்து ஆடிய காலத்தில், மெதுவான சர்வீஸையும் கையின் நளினத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்.

ஆக, ஃபார்ம் என்று பார்த்தால் கிருஷ்ணன் பக்கம்தான் தராசு கொஞ்சம் சாய்கிறது. ஆனால் ஃபார்ம் மட்டும்தான் கணக்கா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஃபார்ம் என்பது லாப நட்டக் கணக்கு. அந்த வருடத்தோடு முடித்துவிட வேண்டும், அடுத்த வருடம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் விட்டுச் செல்லும் பெயர் இருப்புநிலைக் குறிப்பில் வருவது. அதிலும் நற்பெயர் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதற்கு ஒரு விதி உண்டு. தானாகச் சேர்ந்த நற்பெயரை ஏட்டில் எழுதக் கூடாது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் மட்டுமே எழுதலாம்.

இந்த மூவரும் கொடுத்த விலை என்ன?

ஜாக் கிராமர் தன் தொழில்முறைக் குழுவில் சேரச் சொல்லி கிருஷ்ணனை அழைத்தார். போயிருந்தால் கை நிறையப் பணம். ஆனால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆட முடியாது. அவர் போகவில்லை. 1966ல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், நான்காவது செட்டில் 2-5 என்று தோல்வியின் விளிம்பில் நின்றவர், அங்கிருந்து மீண்டு தாமஸ் கோச்சை வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது அப்படித்தான்.

1974ல் விஜய், ஆனந்த் சகோதரர்கள் ஆடிய அணியும் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஃபார்ம் கணக்கில் இது வெறும் பூஜ்யம். நற்பெயர்க் கணக்கிலோ விலை கொடுத்து வாங்கியது என்று தைரியமாக எழுதலாம். ஆனால் அந்த விலையைக் கொடுத்ததில் வீரர்களின் இளமையும் சேர்த்தி என்பதை மறந்துவிடக் கூடாது. விஜய் மறுபடி இறுதிச் சுற்றில் ஆட 13 ஆண்டுகள் ஆனது. 1987ல் சிட்னியில், கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை வென்று அந்த இறுதிக்கு வழி திறந்தவர் யார் தெரியுமா? நம் மூன்றாவது ஆள் ரமேஷ்!

இன்னும் ஒன்று. சென்னையில் 1980களில் தொடங்கிய அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர் லியாண்டர் பயஸ். 1993ல் பிரான்சை அதன் மண்ணிலேயே வென்ற அணியில் 20 வயது பயஸுக்குத் தோள் கொடுத்து ஆடியவர் 32 வயது ரமேஷ். 2024ல் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் பயஸ் ஆட்டக்காரராகவும், விஜய் பங்களிப்பாளர் என்ற பிரிவிலும் சேர்க்கப்பட்டார்கள். ஆட்டக்காரராகச் சேர்க்கவில்லையே என்று விஜய் ரசிகர்களுக்கு ஒரு வருத்தம் இருக்கலாம். யோசித்துப் பார்த்தால், ஃபார்ம் போன பிறகும் மிஞ்சியது எதுவோ அதற்குத்தான் அந்த மரியாதை.

ஃபார்ம் ஒருவருடையது. பெயர் அப்படியல்ல. ஒருவர் கொடுத்த விலை அடுத்தவரின் முதலீடு ஆகிவிடுகிறது. அதனால் மூவரில் யார் பெரியவர் என்று அடித்துக்கொள்வதில் தவறே இல்லை. அடுத்த முறை சண்டை போடும்போது யாரை வென்றார் என்பதோடு நிறுத்தாமல், எதை விட்டுக் கொடுத்தார், யாருக்கு விட்டுச் சென்றார் என்றும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே.

சரி, உங்கள் ஓட்டு யாருக்கு?