கரி எடுப்பவருக்கு என்ன பெயர்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் பெண்களின் விடுதிகளைப் பற்றிப் பேசினால் சோறு, தண்ணீர், கழிப்பறை ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தங்கள் தோழிகள் மருத்துவமனையில் படுத்தபோது, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடுதிச் சமையலறை என்று ஒன்று இருப்பதே அதன் பிறகுதான் பலர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சமையலறைகளுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குள் இருக்கும் டீசல் பாய்லரைப் பற்றியும், அதைச் சுத்தம் செய்பவரைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஆயிரம் பேருக்கு இட்லி, சோறு, சாம்பார் என்றால் விறகடுப்பு கட்டாது. பல இடங்களில் டீசல் பர்னர் வைத்த பாய்லரில் நீராவி எடுத்து, குழாய் வழியாகப் பாத்திரங்களுக்கு அனுப்புகிறார்கள். குளிருள்ள நாடுகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெயில் எரியும் பாய்லர் வைத்திருப்பார்கள். இதுவும் அதே இனம்தான். நாசில் வழியாக டீசல் பூந்தூறலாகப் பீய்ச்சுகிறது, மின்பொறி அதைப் பற்றவைக்கிறது, நெருப்பின் சூடு குழாய்களின் வழியே போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. காற்று குறைந்தாலோ நாசில் தேய்ந்தாலோ எண்ணெய் முழுதாக எரியாமல் கரியாகக் குழாய்களில் படிகிறது. தண்ணீர்ப் பக்கம் உப்புப் படிகிறது. இந்தப் பக்கத்து போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் சமைப்பவர்களுக்கு அந்த வெள்ளைப் படிவத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் கையேடு இதற்குக் கணக்கே கொடுத்திருக்கிறது. 3 மி.மீ. கரி படிந்தால் எரிபொருள் செலவு சுமார் 2.5 சதவீதம் கூடும். தண்ணீர்ப் பக்கம் 1 மி.மீ. உப்புப் படிந்தால் 5 முதல் 8 சதவீதம் வரை கூடும். முதலாளிக்கு இது டீசல் கணக்கு. பக்கத்தில் வேலை செய்பவருக்கு உயிர்க் கணக்கு. புகைவழி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு கொட்டகைக்குள்ளேயே நிற்கும். அதற்கு வாசனை கிடையாது.

அதனால் பாய்லரைத் துடைப்பது தரையைத் துடைப்பது போன்ற வேலை அல்ல. முதலில் பர்னரை நிறுத்தி, எண்ணெய் வால்வை மூடி, கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும். பிரஷர் பூஜ்யத்துக்கு வர வேண்டும். நன்றாக ஆற வேண்டும், அதற்கு ஓர் இரவாவது விட்டால் நல்லது. பிறகு கதவைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி பிரஷ் விட்டு இழுத்து, கரியை அள்ள வேண்டும். டீசல் வடிகட்டியைக் கழுவ வேண்டும். நெருப்பைப் பார்த்துச் சொல்லும் போட்டோசெல்லின் கண்ணைத் துடைக்க வேண்டும். மூடும்போது கதவின் கயிற்று கேஸ்கெட் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் புகை வெளியே வரும். மூச்சுக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் வேண்டும். ஈரம் பட்ட கரி அமிலத் தன்மை உடையது, தோலை அரிக்கும்.

நான் வேலை நிமித்தமாகப் போய்வரும் ஒரு விடுதியில் இந்த வேலையைச் செய்பவர் ஐம்பது வயது அண்ணன் ஒருவர். பக்கத்து ஊரின் காலனிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பாய்லர் கதவுக்குள் தலையும் தோளும் நுழைத்தபடி இருந்தார். முகத்தில் ஈரத் துண்டு.

“மாஸ்க் தரலையா அண்ணா?”

“துண்டு இருக்குதும்மா.”

“எப்ப நிறுத்தினாங்க?”

“காலைல டிபன் முடிஞ்சதும். ராத்திரி சோத்துக்கு ஏத்தணும் இல்ல.”

மூன்று மணி நேரம்கூட ஆறவில்லை. கரியை விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். “லேசா, தூளா வந்தா பரவால்லம்மா. இப்படிப் பிசுபிசுன்னு வந்தா நாசில் போச்சுன்னு அர்த்தம். ரெண்டு மாசமா சொல்றேன். யார் கேக்குறா?”

ஆப்பரேட்டர் பையன் அங்கேயே நின்றிருந்தான். பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் வைத்திருப்பவன். “நான் உள்ள கை வைக்க மாட்டேன்க்கா. அது கிளீனிங் ஆளுங்க வேலை” என்றான். அவனும் ஒப்பந்தத் தொழிலாளிதான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. லாக் புத்தகத்தைப் பார்த்தேன். “டியூப் கிளீனிங் முடிந்தது” என்று எழுதி, கீழே அவன் கையெழுத்து இருந்தது. அண்ணன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் ஹவுஸ்கீப்பிங். மகன் வயதுள்ள சூப்பர்வைசர் அவரை “வாடா, போடா” என்றுதான் கூப்பிடுகிறார்.

சமூகவியல் வகுப்பில் ‘உழைப்புப் பிரிவினை’ என்று படித்ததை இந்தக் கொட்டகையில் பார்க்கலாம். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது என்று 1936-இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். பாய்லர் நவீன இயந்திரம். ஆனால் சுவிட்சைத் தொடுவது திறமை, கரியைத் தொடுவது சுத்தம் என்ற பிரிவு ஊரிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. அந்த இயந்திரத்தின் வயிற்றைத் தினம் பார்ப்பவருக்குத்தான் அதன் நோய் தெரியும். அவர் சொல்வதை எழுத லாக் புத்தகத்தில் ஒரு கட்டம் கிடையாது.

இதே கரிக்கு வேறு இடங்களில் என்ன மரியாதை என்று பாருங்கள். பிரிட்டனில் 18ஆம் நூற்றாண்டில் ஏழைச் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றினார்கள். கரிபட்டு அவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்ததை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதினார். ஒரு தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று காட்டிய முதல் பதிவுகளில் அது ஒன்று. இன்று ஜெர்மனியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதித் தேறியவர், வீட்டு பாய்லரைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். வழியில் அவரைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பார்கள். எண்ணெய் பாய்லர்கள் நிறைந்த வட அயர்லாந்தில் ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற டெக்னீஷியன் வந்து நாசிலை மாற்றி, கரி எடுத்து, புகையை அளந்து, தன் பெயரில் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது வழக்கம். அங்கே கரி எடுப்பதும் நாசில் மாற்றுவதும் ஒரே ஆளின் ஒரே தொழில்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? நூறாண்டு பழைய 1923 பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பாய்லருக்குள் வேலை செய்பவரின் பாதுகாப்பைப் பற்றி அதில் பேசியிருக்கிறார்கள். ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளதும், சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தம் உள்ளதும் சட்டத்தின் கண்ணில் பாய்லரே அல்ல. ‘நான் ஐ.பி.ஆர்.’ என்று விளம்பரம் செய்து விற்கும் சின்ன பாய்லர்கள் இந்த வாசல் வழியாகத்தான் விடுதிகளுக்குள் வருகின்றன. நான் சொன்ன விடுதியில் இருப்பது பெரியது. அதன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். துடைப்பவருக்கு என்ன பயிற்சி என்று கேட்க ஆளில்லை.

பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கரியால் வரும் நோய் இருபது வருடம் கழித்து வரலாம். அன்றைக்கு இ.எஸ்.ஐ.யில் தொழில்நோய் என்று கேட்கப் போனால், முதல் கேள்வியே என்ன வேலை செய்தாய் என்பதுதான். பதிவேடு ஹவுஸ்கீப்பிங் என்று சொல்லும். விபத்து இன்னும் சீக்கிரம் வரலாம். 2020 மே 7, ஜூலை 1 தேதிகளில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்துகள் நடந்தபோது இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் கச்சிப்பட்டில் தனியார் விடுதி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று பேர் இறந்தார்கள். தொட்டி வேறு, பாய்லர் வேறு. ஆனால் ஆள் நுழையும் முன் உள்ளே காற்று எப்படி என்று யார் பார்த்தார்கள், யார் எழுதிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். மலக்குழிச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை நம் மக்கள் எத்தனை பிணங்களைக் கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது! பாய்லர் கொட்டகையின் கணக்கை யாரும் தொடங்கவே இல்லை.

அந்த விடுதிப் பெண்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தங்கள் சோறு வேகும் இடம் என்பதால் கேட்க உரிமை உண்டு என்று எழுதினார்கள். நாசில் மாற்றப்பட்டது. மூச்சுக்கவசம் வந்தது. சுத்தம் செய்வதற்கு முன் ஓர் இரவு நிறுத்துவதற்கு ஒப்புக்கொண்டார்கள். அண்ணனின் பதவிப் பெயர் மட்டும் மாறவில்லை. ஒப்பந்தக்காரர் கூலி வகை மாறிவிடும் என்கிறார். அவர் பயப்படும் இடம் அதுதான் என்பதால் நாம் அழுத்த வேண்டிய இடமும் அதுதான்.

கள ஆய்வுக்கு விடுதிக்கோ கேன்டீனுக்கோ போகும் மாணவத் தோழர்கள் சமையலறையோடு திரும்பிவிடாதீர்கள். பின்கட்டுக்குப் போய் இவற்றைக் கேளுங்கள். பாய்லரைக் கடைசியாக எப்போது திறந்தார்கள்? எத்தனை மணி நேரம் ஆறவிட்டார்கள்? திறந்து துடைத்தவர் பெயர் லாக் புத்தகத்தில் இருக்கிறதா? அவருக்குப் பயிற்சியும் கவசமும் கொடுத்தார்களா? டீசல் தொட்டியின் அடியில் தேங்கும் கசடை எடுக்க உள்ளே இறங்குவது யார்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். இருந்தாலும் கேட்டு, தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.