பேர் போடாத உழைப்பு

யான் பேராக்கில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டதொரு தோட்டத்தில் கிராணி. பிறர் உழைப்புக்குப் பேர் போடுவதே எனது தொழில். ஆயினும் என் வீட்டில் எட்டு வாரம் நடந்த உழைப்பு என் கண்ணிற்படவில்லை.

என் துணைவியார், 1920ஆம் ஆண்டுகளின் மோஸ்தரில், இடுப்புத் தாழ்ந்த கவுன் ஒன்றைக் குரோஷா ஊசியாற் பின்னினார். ஒரு கொக்கி ஊசி, ஒரு பருத்தி நூல். ஒவ்வொரு கண்ணியும் முந்திய கண்ணியினின்றே எழ வேண்டும். ஒன்று தவறினால் வரிசையையே பிரிக்கவேண்டியதுதான். தோள்பட்டையை மும்முறை பிரித்தார். யானோ, "நல்ல பொழுதுபோக்கு" என்றேன்!

ஈப்போவில் ஒரு கடைக்காரர் அதற்கு 120 வெள்ளி தருவதாகச் சொன்னார். இயந்திரச் சரக்கு இதனினும் மலிவாம். வாசகர்களே, சாதாரணப் பின்னலாடைக்கு இயந்திரமுண்டு. மெய்யான குரோஷாவுக்கோ ஆலைகளில் இன்றும் கையே கதி. மலிவாய்த் தொங்குவது அசலாயின், யாரோ ஒருத்தியின் கூலி அங்கே குறைந்திருக்கிறது. கோதாவரிக் கரை நரசாப்பூர்ப் பெண்கள் பின்னியவை கடல்கடந்து விற்பனையாயின. அவர்களோ வேலையாட்களாகவன்றி, ஓய்வுநேரத்தில் பின்னும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர் என மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலிற் காட்டினார்.

அன்றிரவு கவுனை விரித்து வரிசைகளை எண்ணினேன். 140 வரிசை, வரிசைக்கு அரைமணி, ஆக 70 மணி. இந்நாட்டில் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72. கூலி மட்டும் 610 வெள்ளி 40 காசு. நூல் விலை வேறு.

கணக்குத் தாளை அவரிடம் பெருமையோடு நீட்டினேன். பார்த்துவிட்டு, "பிரித்துப் போட்டதைச் சேர்த்தீர்களா?" என்றார்.

சேர்க்கவில்லை.