புருவத்தில் நிறம் மாறும் மை

பச்சை குத்துதல் என்ற பெயரிலேயே ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. குத்தப்படும் மை பச்சையல்ல, கறுப்பு. விளக்குப் புகைக்கரியைக் குழைத்து ஊசியால் குத்துவார்கள். ஆனாலும் அதற்குக் கறுப்புக் குத்துதல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. 1977 கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் வயதான பாட்டிமாரின் முன்கைகளைப் பார்த்திருப்பீர்கள். கோலமும் பெயர் எழுத்தும் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில், ஓரங்கள் பரவிப்போய் இருக்கும். தோலின் ஆழத்தில் கிடக்கும் கருமை மேலிருந்து பார்க்கும்போது நீலமாகத் தெரிவது ஒளியின் இயல்பு. எங்கள் புறங்கை நரம்புகள் நீலமாகத் தெரிவதும் இப்படித்தான். ஆகவே, குத்திய அன்றைய நிறத்தை விட்டுவிட்டு, காலம் போனபின் எப்படித் தெரியுமோ அந்த நிறத்தையே எங்கள் முன்னோர் பெயராக வைத்தார்கள்.

இன்று அழகு நிலையங்களில் இதற்கு வேறு பெயர்கள். மைக்ரோபிளேடிங், பவுடர் ப்ரோ, செமி பெர்மனன்ட் ஐப்ரோ என்று விளம்பரப் பலகைகளில் தமிழெழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. மெல்லிய ஊசிகளால் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே வரை கீறி அல்லது குத்தி, நிறத்தூளை உள்ளே வைக்கிறார்கள். ஒன்று தொடக்கம் மூன்று வருடத்தில் போய்விடும் என்று சொல்லப்படுகிறது. பலருக்கு அது முழுமையாகப் போவதில்லை, மங்கிய ஒரு நிழலாகத் தங்கிவிடுகிறது. பிறகு அதை என்ன செய்வது என்பதை மை போடும் நாளில் எவரும் சொல்வதில்லை.

போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்களுக்குப் புருவத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அழகு வணிகம் பற்றி நாங்கள் வாசித்தவற்றில் பெரும்பாலானவை, பெண் ஆணின் பார்வைக்காகத் தன்னை அலங்கரிக்கிறாள் என்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அது பொய்யல்ல. ஆனால் களத்தில் சந்திக்கும் பெண்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஷெல் துண்டு கிழித்த புருவம், தீயில் கருகிய புருவம், கவலையிலும் நோயிலும் உதிர்ந்துபோன புருவம் என்று எத்தனையோ இருக்கின்றன. 2009க்குப் பின்வந்த வருடங்களில் முகத்தில் ஒரு தழும்பு இருந்தாலே "இயக்கத்திலை இருந்தனீங்களோ?" என்ற கேள்வி சோதனைச் சாவடியிலும் வந்தது, சம்பந்தம் பேசுகிற வீட்டிலும் வந்தது. அந்தக் கேள்வியைத் தவிர்க்க ஒரு பெண் தன் புருவத்தை வரைந்துகொண்டால் அதை ஒப்பனை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

நான் அடிக்கடி போகும் கிராமமொன்றில் தையல் செய்து பிழைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவரது சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். 2009இல் ஷெல் துண்டொன்று அவரது இடது புருவத்தின் நடுவால் போனது. கண் தப்பியது. ஆனால் ஒரு விரலகலத்துக்கு அதன் பிறகு மயிர் முளைக்கவில்லை. கணவர் அதே வருடம் இறந்துவிட்டார். 2018இல் மகளின் சாமத்தியவீடு. படம் எடுப்பார்கள், அந்தப் படம் வெளிநாடெல்லாம் போகும், அதில் தான் இப்படி நிற்கக் கூடாது என்று நினைத்து, சீட்டுக்காசில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய் இரண்டு புருவங்களுக்கும் மை போட்டுவிட்டு வந்தார். "முதல் வருசம் கண்ணாடியைப் பாக்கப் பாக்க ஆசையா இருந்தது மிஸ்" என்று என்னிடம் சொன்னார். மகளின் படத்திலும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

இப்போது வலது புருவம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இடது புருவத்தில் தழும்பு இருந்த இடம் மட்டும் சாம்பல் நீலமாகப் பரவியிருக்கிறது. தழும்பின் தசை சாதாரண தோலைப்போல மையைப் பிடிப்பதில்லை. ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் பிடிக்கும். மறைக்கப் போட்டது மறைக்க வேண்டிய இடத்தையே இப்போது சுட்டிக்காட்டுகிறது. ஊர்ப்பேச்சு அதைவிட மோசம். "புருசன் இல்லாதவளுக்கு என்னத்துக்கு இந்தக் கோலம்?" என்று ஒருத்தி கிணற்றடியில் கேட்டிருக்கிறாள். கேட்டவளும் கணவனை இழந்தவள்தான். பொட்டு வைத்தாலும் குற்றம், பூ வைத்தாலும் குற்றம் என்று நாங்கள் எத்தனை கூட்டங்களில் கதைத்துவிட்டோம்!

அக்கா என்னிடம் கேட்டது மிக நேரடியான கேள்வி: "மிஸ், இதைச் சுரண்டி எடுக்கலாமோ?" அவருக்கு முன்னால் மூன்று யோசனைகள் இருந்தன. மை போட்டவர்கள், பாதி விலைக்கு மேலால் இன்னொருமுறை போட்டுத் தருகிறோம் என்றார்கள். பக்கத்து நகரத்தில் வேறொரு நிலையம், ஒரு திரவத்தைப் பூசி எடுத்துவிடலாம் என்றது. பாரிசிலிருந்து தங்கச்சி லேசர் செய்யச் சொன்னார். அவரோடு நானும் அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே அறிந்ததையும், பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஏனெனில் இதே கேள்வியோடு இப்போது வேறு பெண்களும் வருகிறார்கள்.

முதலில் நிறம் ஏன் மாறுகிறது என்பது. புருவ மை ஒரே நிறம் அல்ல. இரும்பு ஒட்சைட்டிலிருந்து வரும் சிவப்பு, மஞ்சள், கறுப்புத் தூள்களையும் சிலவற்றில் கரித்தூளையும் கலந்துதான் மண்ணிறம் ஆக்குகிறார்கள். உள்ளே போன தூளை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. சில கலங்கள் அதை விழுங்கி வைத்திருக்கும், ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச்சேரும், வெயிலும் தன் பங்குக்கு வெளிறச் செய்யும். எல்லாத் தூளும் ஒரே வேகத்தில் போவதில்லை. கறுப்பு முதலில் போனால் சிவப்பு மிஞ்சும். கரித்தூள் மிஞ்சினால், அதுவும் ஆழமாகக் குத்தப்பட்டிருந்தால், சாம்பல் நீலம் வரும். எண்ணெய்ப்பிடிப்பான தோலில் மயிர்போலக் கீறிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிவிடும். இதற்குமேல் வயது. சொந்தப் புருவம் நரைத்து ஐதாகும், நெற்றித்தோல் தளரும், மை மட்டும் போட்ட வளைவிலேயே நிற்கும். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பெரியம்மாமாரில் சிலரது நூல்போன்ற நீலப் புருவங்கள் தொண்ணூறுகளின் நாகரிகம். நாகரிகம் போய்விட்டது, புருவம் இருக்கிறது.

மேலால் திரும்பப் போடும் யோசனையை எடுத்துக்கொள்வோம். நீலமாகிப் போனதன்மேல் செம்மஞ்சள் சாயலும், சிவந்து போனதன்மேல் பச்சைச்சாயல் மண்ணிறமும் வைத்து நிறத்தைச் சமப்படுத்துகிறார்கள். கை தேர்ந்தவர் செய்தால் சில காலம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தோலுக்குள் தூள் கூடுகிறது, அதுவும் ஒருநாள் நிறம் மாறும். பிற்பாடு எடுக்க விரும்பினால் வேலை இரட்டிப்பாகும். பாதி விலை என்பதைத் தவிர இதில் அக்காவுக்கு இலாபம் எதையும் நான் காணவில்லை.

பூசி எடுக்கும் திரவங்கள் பல அமில வகையைச் சேர்ந்தவை. அவை மையைத் தேடிப் பிடித்துக் கரைப்பதில்லை. தோலை எரித்துப் புண்ணாக்கி, பொருக்கோடு மையைக் கொண்டுவரப் பார்க்கின்றன. உப்புநீர்க் கரைசலை ஊசியால் குத்தி எடுக்கும் முறையும் உண்டு. அது அமிலத்தைவிட மென்மையானது. ஆனாலும் அதுவும் காயம்தான். எங்களைப் போன்ற கருமையான தோலில் புண் ஆறியபின் கறுப்பு அடையாளம் விழுவது சாதாரணம். சிலருக்குத் தழும்பு தடித்து வளரும். உடலில் ஏற்கனவே தடித்த காயத்தழும்பு உள்ளவர்கள் இதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் வைத்தியரைக் கேளாமல் எதுவும் செய்ய வேண்டாம். சுண்ணாம்பு, உப்புக்கல், எலுமிச்சம்புளி என்று வீட்டிலே தேய்ப்பதும், கடையில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களைப் பூசுவதும் கூடாது. அந்தக் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அது கண்ணுக்கு மேலே பூசும் சாமானே அல்ல.

லேசர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒளித்துடிப்பால் தூளை நொறுக்கி, உடலே அகற்றும்படி விடுவதுதான் லேசர் முறை. ஒரே தடவையில் முடிவதில்லை. ஆறு முதல் எட்டுக் கிழமை இடைவெளியில் பல தடவைகள் போகவேண்டும். கருமையான தோலுக்கு 1064 நனோமீற்றர் அலைநீளத்தையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குக் கவசம் போடாமல் புருவத்தில் லேசர் அடிக்க எவரையும் விடாதீர்கள். இன்னொன்று, சிவப்பு, மண்ணிறம், வெள்ளை கலந்த மை லேசர் பட்டவுடன் கறுத்துப்போகக்கூடும். மையிலுள்ள உலோக ஒட்சைட்டுகளின் இரசாயன மாற்றம் அதற்குக் காரணம். அதனால் முதலில் ஓரத்தில் சிறு புள்ளியொன்றில் அடித்துப் பார்த்து, சில கிழமைகள் பொறுத்துத்தான் முழுவதையும் தொடுவார்கள். நேரே முழுப்புருவத்திலும் அடிக்கிறேன் என்று சொல்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

இனி வருவது எங்கள் பெண்களுக்கே உரிய விடயம். வெளிநாட்டு அழகுக் குறிப்புகள் எதிலும் இதைக் காண முடியாது. வெடிப்புக்கு அருகில் இருந்தவர்களின் முகத்தில் கறுப்பு நீலப் புள்ளிகள் இருக்கும். அவை தோலுக்குள் புதைந்த மண்ணும் கரியும் வெடிமருந்துத் துகளும். எவரும் கேட்காமல் போர் குத்திவிட்ட பச்சை அது. இப்படிப்பட்ட இடத்தில் லேசர் பட்டபோது எஞ்சியிருந்த வெடிமருந்துத் துகள் தோலுக்குள்ளேயே பொறிபோல வெடித்துக் குழித்தழும்பு விழுந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே காயம் எதனால் வந்தது என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அக்கா கிளினிக்கில் முதலில் "விழுந்து வெட்டினது" என்றுதான் சொன்னார். அத்தனை வருடப் பழக்கம் அது. நான் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தால் அவரே, "இல்லை டொக்டர், ஷெல்" என்றார். வைத்தியர் எழுதிக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும்போதும் இதே கதைதான். புருவ மையில் இரும்பு இருப்பதால் சிலருக்கு அந்த இடம் சூடாகலாம், எரியலாம், சற்று வீங்கலாம். இது அரிது, பெரும்பாலும் தானே மாறிவிடும். முன்கூட்டிச் சொன்னால் போதும். ஆனால் உடலில் தங்கிப்போன ஷெல் துண்டு அப்படியல்ல. காந்தப்புலத்தில் இரும்புத் துண்டு அசையக்கூடும், கண்ணுக்கு அருகில் இருந்தால் பார்வையே போகலாம். "பீஸ் கிடக்கு" என்பதை ஸ்கான் அறைக்குப் போகும் முன்பே சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கிளினிக் துண்டு, எக்ஸ்ரே எதுவும் வீட்டில் இருந்தால் எறியாதீர்கள்.

பழைய மை இருந்த இடத்தில் வருடங்கள் கழிந்து கட்டிகட்டியாகத் தடித்தாலோ கடித்தாலோ அழகு நிலையத்தை விட்டு வைத்தியரிடம் போகவேண்டும். புதிதாகப் போட நினைப்பவர்கள் ஊசி உங்கள் கண்முன்னே உறை பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒருவருக்குப் பாவித்த ஊசி இன்னொருவருக்கு ஈரலழற்சியையும் எச்.ஐ.வி.யையும் கொண்டுவரலாம். மைப்போத்தலின் சிட்டையையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை குத்தும் மைகளிலும் இத்தகைய ஒப்பனை மைகளிலும் சேரும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. சிட்டையில்லாத போத்தலில் என்ன இருக்கிறது என்பதை விற்பவரும் அறியார்.

அக்கா இப்போதைக்கு எதையும் எடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறார். வைத்தியர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: வெயிலுக்குக் குடை பிடியுங்கள், மேலதிக மை வேண்டாம், இன்னும் மங்க விடுங்கள், தழும்புள்ள பக்கத்துக்கு லேசர் யோசிப்பதானால் பிறகு பார்ப்போம். வெளியே போகும் நாட்களில் மண்ணிறப் பென்சிலால் இரண்டு புருவத்தையும் மெல்லியதாக ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகிறார். மகள்தான் பழக்கிவிட்டாள். வளைவுக்கு வெளியே முளைக்கும் சொந்த மயிரை எடுக்காமல் விட்டதில் பழைய கோடு பாதி மறைந்தும்விட்டது. மற்ற நாட்களில் அப்படியே தையல் மெசினில் இருக்கிறார். போன கிழமை சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண் புருவத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாளாம். அளவு எடுத்துக்கொண்டே, மை பழுதானதையும் அதற்குக் கீழே இருந்ததையும் சொன்னாராம். அந்தப் பெண் தன் சட்டைக் கையை உயர்த்தி முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டிவிட்டு, கை நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொன்னாளாம்.